ஜெனோவாவின் பெயர் போய்ச் சேரும் இடம்

"நீங்கதான் மேடம் சம்மதம் குடுத்திருக்கீங்க" என்று குடியேற்ற அலுவலகத்து இளைஞன் மறுபடியும் சொன்னான். குரலில் துளிச் சலிப்பு இல்லை. முகத்தில் அதே பணிவு. அந்தப் பணிவைப் பார்க்கப் பார்க்க ஜெனோவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குடுத்தவன்னு நீர் சொல்லுத ஆளு இந்தா நிக்கேன். நான் குடுக்கலைன்னு சொல்லுதேன். இதுக்கு மேல என்னய்யா வேணும் உமக்கு?"

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது மேடம். ஆனா உங்க பேரு குடுத்திருக்கே."

திரையை அவள் பக்கம் திருப்பினான். *பெயர்: கி. ஜெனோவா. நிலை: செயலில் உள்ளது. நீலத்திடல் குடியேற்றம், ஒன்பது ஆண்டுகள். சம்மதம்: ஆம்.*

நீலத்திடல் நடுக்கடலில் மிதக்கும் ஊர். கடலடியில் இருந்து உலோகம் அள்ளுகிறவர்களுக்காகக் கட்டியது. குடும்பத்தோடு வருகிறவர்களை மட்டும்தான் அங்கே எடுத்தார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்து வெள்ளிக்கிழமை கப்பல். தன் பெயரும் மகள் ஷைனியின் பெயரும் அந்தக் கப்பலில் இருக்கின்றன என்பது ஜெனோவாவுக்கு இன்று காலையில்தான் தெரியும். பயணத்துக்கு முன் ஊசி போட வரச் சொல்லி, அவள் கபடி சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தகவல் வந்திருந்தது. கபடிக் களத்தில் பெண்களை ஓட விட்டுக்கொண்டிருந்தவள், கழுத்தில் விசில் தொங்க அப்படியே கிளம்பி வந்துவிட்டாள்.

"சரி, இப்ப விரலை வைக்கேன். எம்பேரை எடும்."

"இது குடும்ப ஒப்பந்தம் மேடம். ஒருத்தர் பேரை மட்டும் எடுக்க இதுல வழி இல்ல. மொத்தமா ரத்து பண்ணலாம். அதுக்குக் குடும்பத் தலைவர் வரணும்."

"நான் கப்பல்ல ஏறலைன்னா என்ன செய்வீரு? கையைக் கால கட்டித் தூக்கிட்டுப் போவீரோ?"

இளைஞன் பதறிப்போனான். "ஐயய்யோ, அப்படியெல்லாம் இல்ல மேடம். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். ஆனா கப்பல் கிளம்பினதும் உங்க பேரு இங்க மூடி அங்க திறக்கும். பேரு அங்க, நீங்க இங்கன்னா…" சற்று யோசித்தான். "பஸ்ல ஏறக்கூட முடியாதே மேடம்."

அவன் மிகைப்படுத்தவில்லை. எல்லோர் பெயரையும் பதிந்து வைக்கும் பெயரகம் வந்த பிறகு அட்டை, கடவுச்சொல் எல்லாம் ஒழிந்துபோயின. கட்டைவிரலை வைத்தால் பெயர் வரும். அந்தப் பெயர் யார், அதற்கு என்ன உரிமை என்று ஒவ்வொரு கதவும் பெயரகத்தைக் கேட்கும். பெயரகம் தலையாட்டினால் கதவு திறக்கும். பெயர் இல்லாதவருக்குப் பள்ளிக்கூட வாசலும் திறக்காது, ஆஸ்பத்திரி வாசலும் திறக்காது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் நின்றாலும் திறக்காது.

ஜெனோவா மேசையில் ஓங்கி ஓர் அறை விட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இளைஞன் அப்போதும் கோபப்படவில்லை. "தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்றான்.

*

வீட்டில் கிளாட்வின் கூடத்தின் நடுவே பெட்டியைத் திறந்து வைத்து, ஸ்பேனர்களைப் பழைய சாரத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவன். நீலத்திடலுக்கு வருடம் தவறாமல் விண்ணப்பம் போட்டு, இந்த வருடம்தான் கிடைத்திருக்கிறது. மனைவி உள்ளே வந்த வேகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"ஜெனோ, ராத்திரி சொல்லலாம்னுதான் இருந்தேன். ஒனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு…"

"எம்பேருக்கு யாரு ஆமான்னு போட்டது?"

"நாந்தான்." அவன் மறைக்கவே இல்லை. "கேள்வி வந்துச்சு. கிளாட்வின் சம்மதமான்னு கேட்டுச்சு, ஆமான்னேன். அப்புறம் ஜெனோவா சம்மதமான்னு கேட்டுச்சு. அதுக்கும் ஆமான்னேன். ஷைனிக்கும் கேட்டுச்சு."

"எம்பேருக்குக் கேக்குத கேள்வி ஒங்க போனுக்கு ஏன் வருது?"

கிளாட்வின் நிஜமாகவே விழித்தான். "எப்பவுமே அப்படித்தானே வருது? கல்யாணம் ஆன நாள்லருந்து ரெண்டு பேருக்கும் சேத்து எனக்குத்தான் வருது. வீட்டுக்கு ஒரு போனுக்குத்தான் அனுப்புவான் போலன்னு நெனச்சேன். நீ ஒருநாளும் கேட்டதில்லையே."

"வராத கேள்வியை வரலைன்னு எப்படிக் கேக்க?" என்றவள், சட்டென்று நிறுத்தினாள். "எப்பவுமேன்னா? வேற என்னென்ன கேட்டுச்சு?"

"அது என்னென்னமோ கேக்கும். மின்சார மீட்டர் மாத்தலாமா, ஷைனிக்குத் தடுப்பூசி போடலாமா… நல்லதா கெட்டதான்னு பாத்து நானே போட்டுவிட்டுருவேன். ஒனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு." பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவன் போல, "அந்த மதுரை வேலை" என்றான்.

"எந்த மதுரை வேலை?"

"விளையாட்டு விடுதியில. ஷைனி அப்ப கைக்குழந்தை. அதைத் தூக்கிக்கிட்டு நீ எங்கன போவ? இல்லைன்னு போட்டேன்."

ஜெனோவா கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றினாள். மாநில அணிக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை அது. நேர்காணலில் நன்றாகப் பேசியிருந்தாள். பதில் வரவே இல்லை. நமக்கு அவ்வளவுதான் திறமை என்று அழுது, பிறகு அழுததை மறந்து, அதே பள்ளிக்கூட மண்ணில் கோடு போட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். இத்தனை காலமும் தன்னை யாரோ வேண்டாம் என்றார்கள் என்று நினைத்திருந்தாள். வேண்டாம் என்று சொன்னது ஜெனோவாதானாம். பதிவு அப்படித்தான் சொல்கிறது.

"ஒன் நல்லதுக்குத்தானே…" என்று ஆரம்பித்தான் கிளாட்வின்.

"வாயத் தொறக்காதீய" என்றாள். "இன்னொரு வார்த்தை பேசுனீயன்னா இந்த ஸ்பேனரை எடுத்து எறிஞ்சிருவேன்."



*

கிளாட்வினின் தங்கை அமலி பெயரகத்தில் வேலை பார்த்தாள். மேல்மாடிகளில் கண்ணாடிச் சுவர்களும் வண்ணத் திரைகளும் உண்டு. பராமரிப்புக்காரர்களுக்கு மட்டும் கீழ்த்தளத்தில் இடம். மறுநாள் மதியம் ஜெனோவா அங்கே போனபோது, அமலி நெத்திலிக் குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வாங்க மைனி, சாப்பிட்டீயளா? ஒரு வாய்…"

"கையக் கழுவிட்டு வாட்டி. எம்பேரைப் பாக்கணும்."

விஷயத்தைக் கேட்கக் கேட்க அமலியின் முகம் மாறியது. அவள் ஆச்சரியப்படவில்லை. அது ஜெனோவாவின் கண்ணில் பட்டது, மனதிலும் தங்கியது.

அமலியின் மேசையில் இருந்தது வெறும் கறுப்புத் திரை. படம் இல்லை, பொத்தான் இல்லை. ஒரு மூலையில் சின்னதாக ஒரு கோடு மட்டும் விட்டு விட்டுத் துடித்தது. கட்டளையைத் தட்டச்சு செய்தால்தான் அது வாய் திறக்கும்.

"குடியேற்ற ஆபீசுத் திரையில எம்பேரு நல்லாத்தானே தெரியுது? செயலில் உள்ளதுன்னு போட்டிருக்கு" என்றாள் ஜெனோவா.

"அது அப்படித்தான் மைனி காட்டும். ஒங்க பேரைக் கேட்டா, அது எங்க போகுதோ அங்க கூடவே போய், அங்க உள்ளதை எடுத்துட்டு வந்து ஒங்க பேரை மேல ஒட்டிக் காட்டும். எங்க போய் எடுத்துச்சுன்னு சொல்லாது. இதுல மட்டும்தான் வாசல்லயே நின்னு பாக்கலாம்."

அமலி மெதுவாகத் தட்டினாள். ஷோ லிங்க், அதாவது இணைப்பைக் காட்டு. ஓர் இடைவெளி. பெயர். நான்கு வரிகள் வந்தன.

*பெயர்: கி. ஜெனோவா*
*வகை: தொடுப்பு*
*இலக்கு: கிளாட்வின்*
*காலக்கெடு: இல்லை*

"இதை சாஃப்ட் லிங்க்னு சொல்லுவோம். கையேட்டுல மென்தொடுப்புன்னு போட்டிருக்கான். ஒரு வீட்டுக் கதவு மாதிரி வச்சுக்கோங்க. கதவு இருக்கு, பேர்ப்பலகை இருக்கு, மணி அடிச்சா சத்தமும் கேக்கும். தொறந்தா உள்ள வீடு கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் போற பாதைதான் இருக்கும்."

"அப்ப இதுல நான் எங்கட்டி இருக்கேன்?"

அமலி இலக்கு என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"கல்யாணத்துக்கு முந்தி நான் சூ. ஜெனோவா. அதைப் போட்டுப் பாரு."

போட்டாள். அப்படி ஒரு பெயர் இல்லை என்றது திரை. "அப்பவும் ஒங்க அப்பாவுக்குத் தொடுப்பாத்தான் இருந்திருக்கும். அவரு செத்ததும் அவரு பதிவை எடுத்துட்டாங்க. இலக்கு இல்லாத தொடுப்பெல்லாம் கூட்டிப் பெருக்க ஒரு புரோகிராம் இருக்கு. அது ஒங்க பழைய பேரை அள்ளிட்டுப் போயிருக்கும்."

"எந்தப் பாவி செஞ்சான் இதை?"

"பாவின்னு சொல்ல ஒரு ஆளு இல்ல மைனி, அதான் கொடுமை." அமலி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இதை எழுதுனவங்க வெளிநாட்டு ஆளுங்க. அவங்களுக்கு இனிஷியல்னா என்னன்னே தெரியாது. இந்த முன்னால நிக்குத எழுத்து என்ன, அது ஏன் பொம்பளைகளுக்கு மட்டும் நடுவுல மாறுதுன்னு கேட்டிருக்காங்க. நம்ம ஆளு எவனோ விளக்கம் சொல்லிருக்கான். கல்யாணம் ஆனா பொண்ணு அப்பா பேருலருந்து புருசன் பேருக்குப் போயிருவான்னு. அவங்க அதை அப்படியே எழுதிட்டாங்க. பொண்ணு பேரு அப்பாவுக்குப் போகும், கல்யாணமானா புருசனுக்குப் போகும். நாம சொன்னதைத்தான் மைனி அது செய்யுது."

கல்யாண மண்டபத்தில் அந்தச் சடங்கு நடந்தது ஜெனோவாவுக்கு ஞாபகம் வந்தது. தாலி கட்டி முடிந்ததும் பெயரகத்தின் சின்னத் திரையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சூ அழிந்து கி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். புகைப்படக்காரர் இன்னொரு தடவை விரலை வைத்துச் சிரிக்கச் சொன்னார். அவளும் சிரித்தாள்.

"ஊர்ல உள்ள பொம்பளை எல்லாம் இப்படித்தானா?"

"நானும்தான். எங்க அப்பாவுக்குத் தொடுப்பு."

"எப்ப இருந்து ஒனக்குத் தெரியும்?"

"வேலைக்குச் சேந்த புதுசுலயே."

"சேந்த புதுசுலயே." ஜெனோவா எழுந்துவிட்டாள். "எங்க வீட்டுக்கு வந்து எத்தனை நாள் சோறு தின்னுருக்க! எம்புள்ளைக்கு மொட்டை போட்டப்ப மடியில வச்சிருந்தவ நீ. ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு வாய் வரலையா?"

"யாருக்கும் ஒண்ணும் நிக்கலையே மைனி! பஸ் ஓடுது, ரேஷன் வருது, பிரசவம் நடக்குது. ஓடுத வண்டியை நிறுத்திக் கழட்டாதேன்னு எங்க மேலதிகாரி சொல்லுவாரு. புகாரும் ஒண்ணும் வரல."

"எப்படி வரும்? புகார் குடுக்கலாமான்னு கேள்வி புருசனுக்குல்லா போயிருக்கும்!"

அமலி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெனோவாவுக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. குடியேற்ற அலுவலகத்துப் பையன் பொய் சொல்லவில்லை. கிளாட்வின் மறைக்கவில்லை. எழுதினவர்கள் சொன்னபடி எழுதினார்கள், அமலி வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தாள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அவளுடைய வாழ்க்கை மட்டும் காணாமல் போயிருக்கிறது.

"சரி. இதை அறுக்க என்ன வழி?"

"ஒங்களுக்குன்னு தனிப் பதிவு ஒண்ணு தொறக்கலாம். அதுக்குக் கட்டளை இருக்கு. ஆனா…" அமலி தயங்கினாள். "குடும்பத் தலைவர் சம்மதம் கேக்கும்."

ஜெனோவா சிரித்தாள். சந்தோஷம் துளியும் இல்லாத சிரிப்பு. கீழ்த்தளத்தில் அது எதிரொலித்து, தூரத்து மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏட்டி. எம்பேருக்கு வருத கேள்வியெல்லாம் அவருக்குப் போகுது. சரி. நான் விரலை வச்சா?"

"விரல் ஒங்க பேரை எடுக்கும்."

"எம்பேரு எங்க போகும்?"

அமலியின் உதடுகள் பிரிந்தன. "அண்ணன்கிட்ட."

"அப்ப என் கையை வச்சா அது யாரு சம்மதம்?"

கறுப்புத் திரையில் அந்தச் சின்னக் கோடு துடித்துக்கொண்டே இருந்தது. "இத்தனை வருசத்துல யாருமே அப்படி வச்சுப் பாக்கல மைனி" என்றாள் அமலி மெதுவாக.

"யாருக்கும் தெரியாதுல்லா. தெரிஞ்ச நீ வாயை மூடிட்டு இருந்த."

அதன் பிறகு அமலிதான் முதலில் பயந்தாள். ஜெனோவா என்ன நினைக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஒப்பந்தம் மொத்தத்தையும் ரத்து செய்துவிடலாம். வேறு யாரும் வேண்டாம், இந்த ஒரு விரல் போதும். கிளாட்வின் நாளைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவான். நீங்கதான் சார் ரத்து பண்ணியிருக்கீங்க என்று அந்தப் பையன் பணிவாகச் சொல்வான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பான். அந்தக் காட்சி ஜெனோவாவுக்கு வெல்லம் போல இனித்தது.

"வேண்டாம் மைனி" என்றாள் அமலி. "அந்தக் கப்பலுக்காக அண்ணன் எவ்வளவு நாளா…"

"தெரியும். நான் என்ன, தெரியாதவளா?" தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போகட்டும். அவரு பேருக்கு அவரு போட்ட ஆமா அவருது. அதைத் தொட்டா எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? எம்பேரை மட்டும் எடு. ஷைனியையும்."

"ஷைனிதான் சிக்கல்." அமலி ஷோ லிங்க் என்று போட்டு ஷைனியின் பெயரையும் பார்த்தாள். அதுவும் தொடுப்பு. இலக்கு கிளாட்வின். "சின்னப் பிள்ளைக்குத் தனிப் பதிவு கிடையாது. யாரையாவது காட்டியே ஆகணும். ஒங்களைக் காட்ட வைக்கலாம். ஆனா ஒங்களுக்குப் பதிவு தொறந்த நொடியில ஒங்க விரல் வெறும் ஒங்க விரல் ஆயிரும். அண்ணன் அதிகாரம் போயிரும். அப்புறம் ஷைனியைத் தொட முடியாது."

"அப்ப முதல்ல அவளை மாத்து."

"முதல்ல மாத்தணும்னா காட்டுறதுக்கு நீங்க இருக்கணுமே மைனி. இன்னும் நீங்க இல்லையே."

அமலி ஏதோ கணக்குப் போடுவது போல உதட்டைக் கடித்தாள். "தொடுப்பு வைக்க இலக்கு இருந்தே ஆகணும்னு இல்ல" என்றாள் கடைசியில். "இல்லாத பேரைக்கூடக் காட்டலாம். அது பாட்டுக்குக் காட்டிக்கிட்டு நிக்கும். பின்னால அந்தப் பேரு வந்து சேந்துச்சுன்னா ஒட்டிக்கும்."

"வர முந்தி அந்தத் துடைப்பக்கட்டை புரோகிராம் வந்துச்சுன்னா?"

"ஷைனி பேரை அள்ளிட்டுப் போயிரும். அது எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. அதான் அண்ணன்கிட்ட கேட்டுட்டு நிதானமா… அவன் கெட்டவன் இல்ல மைனி. கேட்டா சரின்னு சொன்னாலும் சொல்லுவான்."

"இல்லைன்னு சொல்லிட்டா? அப்புறம் விரலை வைக்க எனக்கு மனசு வராது. இப்ப வருது. போடு."

அமலி கையை இன்னொரு தடவை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஷைனியின் தொடுப்பை மாற்றும் கட்டளையைப் போட்டாள். புதிய பெயராக எதைக் கொடுப்பது என்று திரும்பினாள்.

"இனிஷியல் இல்லாம வெறும் ஜெனோவான்னு போடு."

"விடாது மைனி. முன்னால ஒரு எழுத்து இருந்தாத்தான் வாங்கும்."

அப்பாவின் எழுத்தா, புருஷனின் எழுத்தா? ஜெனோவாவுக்கு மறுபடி கோபம் தலைக்கு ஏறியது. "ஜெ போடு. ஜெனோவாவுக்கு ஜெ. நானே எனக்கு."

அமலி போட்டாள். விரல் வைக்கும் பட்டையை நீட்டினாள். ஜெனோவா கட்டைவிரலை அழுத்தினாள். கபடிக் களத்து மண் ரேகைகளில் ஏறியிருந்த விரல். எத்தனை கழுவினாலும் முழுக்கப் போகாது.

*குடும்பத் தலைவர் சம்மதம்: கிளாட்வின். ஏற்கப்பட்டது.*

இப்போது ஷைனி, இன்னும் பிறக்காத ஒரு பெயரைக் காட்டிக்கொண்டு நின்றாள். கீழே விழுகிற ஒருவரைப் பிடிக்கக் கையை நீட்டுவது போல அமலியின் விரல்கள் ஓடின. புதிய பதிவு. பெயர். முன்னெழுத்து. ஊர். வகை. திரை எதையோ யோசிப்பது போல நின்றது. பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டே போகும் அந்தக் கண்ணில்லாத புரோகிராம் எந்தத் தெருவில் வந்துகொண்டிருக்கிறதோ என்று ஜெனோவா நினைத்தாள். மகள் இந்நேரம் வகுப்பில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பாள். தன் காலடியில் தரை இல்லாதது அவளுக்குத் தெரியாது.

"விரல்" என்றாள் அமலி. வைத்தாள்.

*குடும்பத் தலைவர் சம்மதம்: கிளாட்வின். ஏற்கப்பட்டது. புதிய பதிவு: ஜெ. ஜெனோவா. பழைய தொடுப்பு நீக்கப்பட்டது.*

அமலி உடனே ஷைனியின் பெயரைப் போட்டுப் பார்த்தாள். தொடுப்பு இருந்தது. இலக்கும் இருந்தது. இருவரும் மூச்சு விட்டார்கள்.

"நீலத்திடல் ஒப்பந்தத்துல இனி ஒங்க பேரும் ஷைனி பேரும் ஒட்டாது. அப்படி ஆட்களே இல்ல" என்ற அமலி, தயங்கித் தயங்கி அடுத்ததைச் சொன்னாள். "ஆனா மைனி, ஒங்க சர்வீஸ், மெடல், டிகிரி எல்லாம் பழைய பேருக்கு வந்தது. அது எல்லாம் போய்ச் சேந்த இடம் அண்ணன் பதிவு. அதைப் பிரிச்செடுக்க வழி இல்ல. இந்தப் புதுப் பேருல ஒண்ணுமே இல்ல. இன்னைக்குப் பொறந்த மாதிரி."

"அப்ப ஒங்க அண்ணன்தான் கபடி கோச்சா?"

"பதிவுப்படி ஆமா. மூணு தடவை மாவட்டக் கோப்பை வாங்கிருக்கான்."

"ஒரு ரெய்டு போகச் சொல்லு பாப்போம். நடுக்கோட்டைத் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கிரும் அவருக்கு."

அமலிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. ஜெனோவாவுக்கு இரண்டும் வரவில்லை. ஒன்றும் இல்லாதவளாகப் படியேறி வெளியே வந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. பேருந்தில் விரலை வைத்தபோது *ஜெ. ஜெனோவா* என்று ஒளிர்ந்தது. கதவு திறந்தது. அந்த ஒரு நிமிடம் அவள் கோபத்தை மறந்திருந்தாள்.

*

கிளாட்வினிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். பாதியில் எழுந்தான்.

"என் சம்மதம் இல்லாம எப்படி?"

"குடுத்துட்டீய. பதிவுல இருக்கு, பாத்துக்கோங்க."

"நான் எங்க குடுத்தேன்? யாரு கேட்டா எங்கிட்ட?"

கேட்ட பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது போல நின்றுவிட்டான். "குடும்பம் இல்லாம என்னை ஏத்துவானா?"

"தெரியாது. போய்க் கேளுங்க. ஒங்க பேரை நான் தொடல. தொட்டிருக்கலாம்."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் வாசல் கதவு படாரென்று அடித்தது. ஷைனி உள்ளே வந்து, புத்தகப் பையைத் தூக்கிக் கூடத்தின் நடுவில் இருந்த பெட்டியின் மேல் எறிந்தாள். ஸ்பேனர்கள் கலகலத்தன. பத்து வயதுதான், ஆனால் கோபம் வந்தால் மூக்கு அம்மாவைப் போலவே விடைக்கும்.

"யாரு எம்பேரை மாத்துனது?"

"ஏட்டி, முதல்ல செருப்பைக் கழட்டு."

"மத்தியானம் அட்டெண்டன்ஸ்ல ஜெ. ஷைனின்னு வருது. நான் இல்லைன்னு நெனச்சுச் சும்மா இருந்தேன். மிஸ் ஆப்சென்ட் போட்டுட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

ஜெனோவா மகளின் தோளைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். இதை எத்தனை பெருமையோடு சொல்லப்போகிறோம் என்று பேருந்தில் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். "இங்க பாரு. அப்பா நாளைக்குக் கப்பல்ல போனாலும் போவாங்க. நீயும் நானும் போகண்டாம். ஒம்பேரு இனி எம்பேரோட இருக்கும். யாரும் ஒன்னைய எங்கயும் தூக்கிட்டுப் போக முடியாது. அம்மா சரிபண்ணிட்டேன்."

ஷைனி தோளை உதறினாள்.

"நான் போகணும்."

"என்ன?"

"நீலத்திடலுக்கு. நான் அப்பாகூடப் போகணும்." குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "அப்பா போன்ல பேசுனதைக் கேட்டேன். எனக்கு அப்பவே தெரியும். அங்க தெருவுக்குக் கீழ கடல் தெரியுமாம். கண்ணாடி வழியா. நான் கிளாஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"எங்கிட்ட சொல்லலையே கண்ணு."

"நீ எங்க கேட்ட? அப்பாவும் கேக்கல, நீயும் கேக்கல. ரெண்டு பேரும் ஒங்க இஷ்டத்துக்குப் போடுதீய. அப்பா போட்டதாவது எனக்குப் புடிச்சிருந்துச்சு!"

கிளாட்வின் ஓரடி முன்னால் வந்தான். "இல்லம்மா, அவளுக்கு அது…" என்று தொடங்கினான். மகளுக்கு ஆதரவாகச் சொல்ல வந்தானா, மனைவிக்கு ஆதரவாகச் சொல்ல வந்தானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஜெனோவா கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். தன் நாக்கின் நுனியிலும் ஒரு பதில் தயாராக நின்றிருந்தது. உனக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ளை, உன் நல்லதுக்குத்தான். அந்த வார்த்தைகளின் ருசி அவளுக்குக் குமட்டியது. விழுங்கினாள்.

தரையில் உட்கார்ந்தாள். இப்போது மகளின் முகம் அவளைவிட உயரத்தில் இருந்தது.

"கேக்காதது தப்புதான். இப்பக் கேக்கேன். போறியா, இருக்கியா?"

ஷைனி சந்தேகத்தோடு பார்த்தாள். "நெசமாவா கேக்க?"

"நெசமாத்தான்."

"நான் என்ன சொன்னாலுமா?"

ஜெனோவா மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வருடம். திரும்பி வரும்போது இவள் பெரிய பெண்ணாக இருப்பாள். வேண்டாம் என்று ஒரு விரலை வைத்தால் எல்லாம் முடிந்துவிடும். இப்போது மகளுடைய பெயர் வந்து சேரும் இடம் ஜெனோவாதான்.

"ஆமா" என்றாள். "என்ன சொன்னாலும்."

"நாளைக்குக் கப்பலும்மா" என்றான் கிளாட்வின், கெஞ்சுகிற குரலில்.

"அப்ப நாளைக்குள்ள சொல்லுதேன்" என்றாள் ஷைனி. "யோசிக்கணும். யாரும் உள்ள வரக் கூடாது."

செருப்போடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

கிளாட்வின் கதவின் இந்தப் பக்கம் சுவரோடு சாய்ந்து நின்றான். ஜெனோவா எழுந்திருக்கவில்லை. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது, பிறகு சத்தம் இல்லை. கதவுக்குள் இருப்பவளுக்காகப் பதில் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் துடித்தது. விளக்கைக்கூடப் போடாமல், இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள்.